"பெண்கள் மட்டும்" துருக்கிப் பயணம்: பயம் காட்டி விற்றதற்கும் தனி அறைக்கு வாங்கிய பணத்துக்கும் பதில் வேண்டும்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: துருக்கிக் குழுப் பயணம் பற்றிய புகாரும், பணத்தைத் திருப்பித் தரக் கோருவதும்

வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் "பெண்கள் மட்டும்" துருக்கிக் குழுப் பயணத்தில் வந்த வாடிக்கையாளர் நான். திரும்பி வந்ததும் நீங்கள் அனுப்பிய கருத்துப் படிவத்தில் ஐந்து நட்சத்திரங்களும் "மீண்டும் எங்களோடு வருவீர்களா?" என்ற கேள்வியும்தான் இருந்தன, நான் சொல்ல வேண்டியதை எழுத அதில் இடமே இல்லை. அதனால் கடிதமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துப் படியுங்கள்.

என் பெரிய புகார் பயணத்தைப் பற்றியதுகூட இல்லை, அதை நீங்கள் விற்ற விதத்தைப் பற்றியது. உங்களிடம் விசாரித்தபோது தனியாகப் போவதா குழுவோடு போவதா என்று நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை, இதை உங்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் முதல் போனிலேயே சொல்லிவிட்டேன். நான் கேட்டதெல்லாம் சாதாரணக் கேள்விகள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எதில் போகிறோம், ஹோட்டல் எந்தப் பகுதியில் இருக்கிறது, எந்த இடத்துக்கு வழிகாட்டி கட்டாயம் வேண்டும், எங்கே நாமே சமாளித்துக்கொள்ளலாம், இவ்வளவுதான். ஒன்றுக்கும் நேரான பதில் வரவில்லை. "மேடம், ஒரு லேடி தனியா அங்க ராத்திரி பஸ்ல ஏறினா என்ன ஆகும்னு யாரும் கேரண்டி தர முடியாது" என்றார். அப்புறம் வாட்ஸ்அப்பில் எந்தெந்த நாட்டிலோ பெண் பயணிகளுக்கு நடந்த கொடுமைகளைப் பற்றிய செய்தி லிங்குகள் வரிசையாக வந்தன, அவற்றில் ஒன்றுகூட துருக்கியில் நடந்தது கிடையாது. கடைசியில் "வீட்ல என்ன சொல்றாங்க?" என்று ஒரு கேள்வி வேறு. என் சம்பளத்தில் நான் போகிற பயணத்துக்கு வீட்டில் என்ன சொன்னால் உங்களுக்கு என்ன?

நீங்கள் பயம் காட்டிய அதே ராத்திரி பஸ்ஸைப் பற்றிப் பிறகு தெரிந்துகொண்டேன். கப்படோக்கியா பகுதியில் இருக்கும் கோரெமே என்ற ஊரில் எங்கள் ஹோட்டலிலேயே தனியாக வந்திருந்த இரண்டு பெண்கள் தங்கியிருந்தார்கள், ஒருவருக்கொருவர் முன்பின் பழக்கம் இல்லாதவர்கள், இருவரும் இஸ்தான்புல்லிலிருந்து ராத்திரி பஸ்ஸில்தான் வந்திருந்தார்கள். துருக்கியின் வெளியூர் பஸ்களில் தனியாகப் போகும் பெண்ணுக்குப் பக்கத்து சீட்டை அறிமுகமில்லாத ஆணுக்குக் கொடுப்பதில்லை. டிக்கெட் எடுக்கும்போதே எந்த சீட்டில் ஆண், எந்த சீட்டில் பெண் என்று திரையில் தெரிகிறது. 700 கிலோமீட்டருக்கு மேல் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போவது சுகமான விஷயம் இல்லை, முதுகு போய்விடும், அதை அந்தப் பெண்களே சொன்னார்கள். ஆனால் அது முதுகு சம்பந்தப்பட்ட கஷ்டம். அந்த நாட்டுக்குப் பயணம் விற்பதையே தொழிலாக வைத்திருக்கிற உங்களுக்கு இந்த சீட் ஏற்பாடு தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் சொல்லவில்லை, சொன்னால் பேக்கேஜ் விற்காது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

சரி, பாதுகாப்பு என்று சொல்லி வாங்கிய பணத்துக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்போம். "பயணம் முழுவதும் பெண் வழிகாட்டி" என்பது உங்கள் விளம்பரத்தின் முதல் வரி. விமான நிலையத்தில் வந்து நின்றவர் ஓர் ஆண் டூர் மேனேஜர். ஆண் என்பதால் அவரிடம் எனக்கு ஒன்றும் இல்லை, தன் வேலையைச் செய்தார். ஆனால் அந்த ஒரு வரிக்காகவே இந்தப் பேக்கேஜைத் தேர்ந்தெடுத்த பெண்கள் குழுவில் இருந்தார்கள், அவர்களிடம் புறப்படும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் முதல் நாளே வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். ஹோட்டலில் பதிவு செய்யத் தேவை என்றால் பதிவு முடிந்ததும் திருப்பித் தர வேண்டியதுதானே? கேட்டால் "சேஃப்டிக்காக" என்று பதில். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் ஹோட்டலை விட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள், அதுவும் சேஃப்டிக்காகத்தான். பள்ளிச் சுற்றுலாவுக்குக்கூட இவ்வளவு கெடுபிடி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இஸ்தான்புல்லில் "நகர மையத்தில் தங்கும் வசதி" என்று போட்டிருந்தீர்கள். கிடைத்தது நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஹோட்டல், சுற்றிலும் கார் ஷோரூம்கள். திட்டத்தில் "மாலை ஓய்வு நேரம்" என்று தாராளமாக எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சுல்தானஹ்மெத், சிர்கெஜி பக்கம் தங்கியிருந்தால் ட்ராம் வாசலிலேயே, அயா சோஃபியாவுக்கு நடந்தே போகலாம், சிர்கெஜியில் மர்மரே ரயில் ஏறினால் பாஸ்பரஸ் நீரிணைக்கு அடியிலேயே ஆசியக் கரைக்குப் போய்விடலாம், 2013-லிருந்து அது ஓடுகிறது. நாங்கள் சிலர் ஒரு மாலை உங்கள் தடையைக் கண்டுகொள்ளாமல் டாக்ஸி பிடித்து எமினோனு போய், கப்பலில் ஆசியக் கரையிலிருக்கும் காதிகொய் வரை போய்த் திரும்பினோம். கப்பல் நிறைய வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள், எங்களை யாரும் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் மைக் பிடித்து எங்களுக்கு ஒரு பொது எச்சரிக்கை விடுத்தார் உங்கள் டூர் மேனேஜர்.

இப்போது இஸ்தான்புல்லில் சுல்தான்கள் வாழ்ந்த தோப்காபி அரண்மனை. அந்த அரண்மனை செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், வாராவாரம், எப்போதோ ஒரு தடவை இல்லை. உங்கள் பயணத் திட்டத்தில் தோப்காபி போடப்பட்டிருந்த நாள் செவ்வாய். கிராண்ட் பஜாருக்கு ஞாயிறு விடுமுறை என்பது மட்டும் உங்களுக்கு நன்றாக நினைவிருந்தது, அதைத் திங்களன்று வைத்திருந்தீர்கள். அரண்மனையின் ஹரேம் பகுதியை, அதாவது அரச குடும்பப் பெண்கள் வாழ்ந்த பகுதியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தில் என் முதல் ஆசை, அதைப் பணம் கட்டும் முன்பே உங்களுக்கு எழுதியும் இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை பஸ் அரண்மனைப் பக்கமே போகாமல் ஒரு தோல் ஜாக்கெட் ஷோரூமுக்குப் போனது. அங்கே எங்களுக்காக ஃபேஷன் ஷோவே ஏற்பாடாகியிருந்தது, ஆக அரண்மனை மூடியிருக்கும் என்பது உங்களுக்குத் திடீரென்று தெரியவந்த விஷயம் இல்லை.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. கம்பளக் கடை, நகைக் கடை, அவனோஸில் பீங்கான் பட்டறை என்று ஒவ்வோர் ஊரிலும் ஒன்று. அவனோஸ் பட்டறையைக் குறை சொல்ல மாட்டேன், கிசில் இர்மாக் ஆற்றுச் செம்மண்ணில் பானை வனைவது அந்த ஊரின் பழைய தொழில், பார்க்க நன்றாகவே இருந்தது. மற்ற கடைகளில் நாங்கள் உள்ளே போனதும் கதவைச் சாத்தி, டீ கொடுத்து, ஆளுக்கொரு விற்பனையாளரை ஒட்டவிட்டு, யாராவது ஏதாவது வாங்கும் வரை பஸ் வராது. கமிஷன் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் பேக்கேஜ் விலை குறைகிறது என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் எந்த நாளில் எந்தக் கடை, எவ்வளவு நேரம் என்று திட்டத்திலேயே போட்டுவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு வேண்டுமா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

எனக்கு மிக ஆத்திரம் வந்தது எஃபெசுஸ் என்ற பண்டைய நகரத்தின் இடிபாடுகளில். அங்கே ஒரு நாளுக்கு மட்டும் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் வந்தார், பெண், கழுத்தில் அரசு உரிமம் பெற்ற வழிகாட்டி அட்டை. துருக்கியில் அந்த உரிமம் இல்லாமல் வழிகாட்டி வேலை செய்ய முடியாது, 2012-ல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்திருக்கிறது. மொத்தப் பயணத்திலும் நான் கட்டிய பணத்துக்கு மதிப்பு கிடைத்தது அவரிடம்தான். செல்சுஸ் நூலகத்தின் முன்னால் நிறுத்தி, அது மகன் தன் அப்பாவுக்காகக் கட்டியது, அப்பாவின் கல்லறை அதற்குள்ளேயே இருக்கிறது, இப்போது நாம் பார்க்கும் முகப்பு இடிந்து கிடந்த கற்களை எடுத்து 1970-களில் மறுபடி நிறுத்தியது என்று சொன்னார். முகப்பில் நான்கு பெண் சிலைகள், ஞானம், அறிவு, சிந்தனை, நற்பண்பு என நான்கையும் பெண்களாக வடித்திருக்கிறார்கள், அங்கே நிற்பவை நகல்கள், அசல் வியன்னாவில் இருக்கிறது. நான் மட்டும் போயிருந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பேன். அடுத்து மலைச்சரிவில் இருக்கும் வீடுகளின் சுவர் ஓவியங்களுக்குப் போகலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டூர் மேனேஜருக்கு போன், நேரமாகிவிட்டது, எல்லோரும் பஸ்ஸுக்கு வாருங்கள் என்று. பஸ் போன இடம் இன்னொரு தோல் ஷோரூம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

கொன்யாவைத் தாண்டும்போது மைக்கில் இன்னொரு பிரசங்கம், இந்தப் பக்கமெல்லாம் பெண்கள் தனியாக வர முடியாது, எங்களோடு வந்ததால்தான் பார்க்கிறீர்கள் என்று. 1907-ல் ஜெர்ட்ரூட் பெல் என்ற ஆங்கிலேயப் பெண் பயணி அதே கொன்யா சமவெளிக்குத் தெற்கே பின்பிர்கிலிசேயில் முகாம் போட்டு, வில்லியம் ராம்சே என்ற ஆய்வாளரோடு சேர்ந்து பழைய தேவாலயங்களை அளந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேலையாட்கள் துணை இருந்தது, வசதியான குடும்பம், எல்லாம் உண்மைதான். ஆனால் எங்கே போவது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அவர்தான் முடிவு செய்தார், அவருடைய ஆட்கள் அவரைக் கடைக்கு ஓட்டிப் போகவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாமுக்கலேயில் இயற்கையாக உருவான வெள்ளைச் சுண்ணாம்புப் படிக்கட்டுகளில் செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டும், ஈரத்தில் வழுக்கும், எங்களோடு வந்த ஓர் அம்மா விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. உங்கள் டூர் மேனேஜர் உடனே அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், இன்சூரன்ஸ்காரர்களோடு பேசி, ராத்திரி வரை கூடவே இருந்தார். தனியாக வந்திருந்தால் அந்த அம்மா மொழி தெரியாமல் திண்டாடியிருப்பார். கப்படோக்கியாவில் நாங்கள் ஏற வேண்டிய பலூன் காற்றினால் பறக்காததும் உங்கள் தவறில்லை, அதை அங்குள்ள விமானப் போக்குவரத்து ஆணையம்தான் தீர்மானிக்கிறது, அதற்கான பணத்தையும் ஒழுங்காகத் திருப்பித் தந்துவிட்டீர்கள். குழுவாகப் போவதில் பெண்களுக்கு உண்மையிலேயே கிடைக்கிற லாபம் இப்படிப்பட்டதுதான், உடம்புக்கு முடியாதபோது ஓர் ஆள், நல்ல வழிகாட்டி, நீண்ட தூரத்துக்குத் தயாராக நிற்கும் வண்டி. இதைச் சொல்லி விற்றிருந்தால் நானே சந்தோஷமாக வாங்கியிருப்பேன், குற்றச் செய்தி லிங்குகள் தேவைப்பட்டிருக்காது.

கடைசியாகப் பணம். அறையைப் பகிர்ந்துகொள்ளத் தயார் என்று புக்கிங் படிவத்திலேயே குறித்திருந்தேன். புறப்படச் சில நாட்களே இருக்கும்போது, உங்களோடு தங்க யாரும் கிடைக்கவில்லை, தனி அறைக்கு சிங்கிள் சப்ளிமெண்ட் கட்டுங்கள், இல்லாவிட்டால் புக்கிங் ரத்து, கட்டிய பணமும் போய்விடும் என்று மெயில் வந்தது. வேறு வழியில்லாமல் கட்டினேன். அங்கே போய் முதல் ராத்திரி பேசிப் பார்த்தால், பகிரத் தயார் என்று குறித்த பெண்கள் குழுவில் என்னோடு சேர்த்து நான்கு பேர், நான்கு பேருக்கும் ஒரே மெயில், நான்கு பேரிடமும் தனி அறைப் பணம். இரண்டிரண்டு பேராகப் போட உங்களுக்குக் கணக்குத் தெரியவில்லையா? இதைக் கவனக்குறைவு என்று நீங்கள் சொன்னால் நான் நம்பத் தயாரில்லை. அந்த மெயில்களின் நகல்களை நான்கு பேரும் சேர்ந்து இணைத்திருக்கிறோம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ம் ஆண்டு பேக்கேஜ் பயண விதிகளில், புறப்படும் நாளுக்கு முந்தைய 20 நாட்களுக்குள் நிறுவனம் விலையை ஏற்ற முடியாது, அதற்கு முன்பே ஏற்றினாலும் 8 சதவீதத்தைத் தாண்டினால் வாடிக்கையாளர் ரத்துக் கட்டணம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம், சொன்னபடி தராத சேவைக்கு விலைக் குறைப்பும் கேட்கலாம். அந்த விதி உங்களைக் கட்டுப்படுத்துமா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. ஒழுங்கான நிறுவனம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு ஓர் அளவாக அதைச் சொல்கிறேன்.

எனக்கு வேண்டியது இது. நான்கு பேருடைய தனி அறைப் பணமும் முழுதாகத் திரும்ப வர வேண்டும், தோப்காபிக்கும் பாதியில் நிறுத்திய எஃபெசுஸுக்கும் பேக்கேஜ் தொகையிலிருந்து நியாயமான பங்கு திரும்ப வர வேண்டும், வவுச்சராக இல்லை, பணமாக. பெண் வழிகாட்டி, நகர மையம் என்ற இரண்டு வரிகளையும் விளம்பரத்திலிருந்து எடுங்கள், இல்லையென்றால் சொன்னபடி செய்யுங்கள். என்னிடம் பேசிய விற்பனைப் பிரதிநிதியை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை, அவர் பேசியது நீங்கள் எழுதிக் கொடுத்த வசனம் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் எங்கள் குழுவில் வேறு வேறு ஆட்களிடம் பேசிய பெண்களுக்கும் அதே ராத்திரி பஸ் கதைதான் வந்திருக்கிறது. அந்த வசனத்தை மாற்றுங்கள். தனியாகப் போகலாமா என்று கேட்கிற பெண்ணுக்கு எந்தப் பாதை சுலபம், எது சிரமம், எதற்கு உங்கள் உதவி தேவைப்படும் என்று சொல்லுங்கள்.

30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். போனில் கூப்பிட்டு "மேடம், அடுத்த டூர்ல டிஸ்கவுண்ட் தரோம்" என்று சொல்ல வேண்டாம். பதில் வராவிட்டால் நாங்கள் நால்வரும் சேர்ந்து நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவோம், அதற்கான தாள்களைத் தயார் செய்துவிட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் துருக்கிக் குழுப் பயண வாடிக்கையாளர்

இணைப்பு: பயணத் திட்டத்தின் நகல், விளம்பரத்தின் நகல், தனி அறைப் பணம் கேட்டு வந்த மெயில்கள், கட்டிய ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டுகள்