கிரிக்கெட்டுக்கு 2 தங்கம், நீச்சலுக்கு 37

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2028-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் சேர்க்கப்பட்டிருப்பதையொட்டித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தவறாமல் படித்துவருகிறேன். 1900-இல் பாரிஸில் ஒரே ஓர் ஆட்டத்தோடு முடிந்துபோன கிரிக்கெட், 128 ஆண்டுகள் கழித்துத் திரும்புவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், இதனால் நம் பதக்கக் கணக்கே மாறிவிடும் என்ற தொனியை ஏற்க இயலவில்லை.

ஆடவர், மகளிர் இரு பிரிவுகளிலும் தலா 6 அணிகள் மோதும் அப்போட்டியில், எல்லாம் கைகூடினாலும் நமக்குக் கிடைக்கக்கூடியவை 2 தங்கம். ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர்கள் விளையாட்டுக்கும் அவ்வளவுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 32 விளையாட்டுகளில் 329 தங்கப் பதக்கங்களுக்குப் போட்டிகள் நடந்தன. அவற்றுள் தடகளத்துக்கு 48, நீச்சலுக்கு 37, மல்யுத்தத்துக்கு 18. இந்தியா பெற்ற 6 பதக்கங்களில் 3 துப்பாக்கி சுடுதலில் கிடைத்தவை. நீச்சலிலோ இன்றுவரை ஒரு வெண்கலம்கூட நமக்கு வாய்க்கவில்லை.

ஆற்றங்கரையில் வாழும் நமக்கு இது உறைக்க வேண்டும். விடுமுறை நாள்களில் குறுக்குத்துறைக்குப் போனால், கல் மண்டபத்திலிருந்து தாமிரபரணியில் குதித்து, இழுப்பை எதிர்த்து நீந்தும் சிறுவர்களைக் காணலாம். பயமில்லை, மூச்சடக்கும் திறனும் உண்டு. ஆனால் மூச்சு வாங்கும்போது தலையைப் பக்கவாட்டில் திருப்பாமல் முழுவதுமாகத் தூக்கிவிடுகிறார்கள், காலை இடுப்பிலிருந்து வீசாமல் முழங்காலை மடக்கி உதைக்கிறார்கள். திருத்திச் சொல்ல ஆளிருந்தால் சில வாரங்களில் சரியாகிவிடக்கூடிய பிழைகள் இவை. பாரிஸில் 10 கிலோமீட்டர் நீச்சல் போட்டி, ஊருக்கு நடுவே ஓடும் சென் ஆற்றில்தான் நடந்தது. அந்த ஆற்று நீர் மாசுபட்டிருந்ததால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ஆடவர் ட்ரையத்லான் ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டது என்பதையும், நம் ஆற்றின் நிலையை அறிந்தவன் என்ற முறையில், இங்கே சொல்லத் தோன்றுகிறது.

நம் ஊர்களில் கோயில் கொடை விழா என்றால் கபடிப் போட்டியும் உண்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது செய்துகாட்டப்பட்டும், கபடிக்கு ஒலிம்பிக்கில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. அது கிடைக்கும்வரை, பிடித்துப் பழகிய அந்தக் கைகளை மல்யுத்தத்துக்கும் ஜூடோவுக்கும் திருப்பிவிடுவதில் தவறில்லை. சென்னையைச் சேர்ந்த பவானி தேவி, பள்ளியில் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் வாள்வீச்சுக்குப் போனவர். டோக்கியோவில் ஒலிம்பிக் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியர் அவர்தான். பள்ளியில் வாள்வீச்சு என்று ஒன்று இருந்ததால்தானே அது நடந்தது?

எனவே, விளையாட்டுப் பக்கத்தில் வாரம் ஒரு ஒலிம்பிக் விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதன் விதிகள், எந்த வயதில் தொடங்குவது, நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் அதற்கான பயிற்சி எங்கே உள்ளது அல்லது இல்லை என்ற விவரங்களை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நீச்சலிலிருந்து தொடங்கலாம்; கோடை விடுமுறைக்கு முன்பே வந்தால் பெற்றோருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாளையங்கோட்டை.