குழவியையும் கேட்டு வாங்கு

அன்புள்ள கோமதி,

முதலில் திட்டிவிடு, அப்புறம் படி. நாலு மாதமாக எழுதவில்லை. உங்கள் அம்மா போன சேதி வந்த அன்றே பேனாவும் கையுமாக உட்கார்ந்தேன். உன் பெயருக்குக் கீழே ஒரு வரி வரவில்லை. போனில் பேசியதெல்லாம் பேச்சா? இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

இங்கே எல்லாரும் சுகம். இவருக்கு முழங்காலில்தான் வலி, வாய்க்கு ஒன்றும் இல்லை. போன மாதம் சின்னவள் என்னைக் கிரீஸ் நாட்டுக் கிரீட் தீவுக்கு அழைத்துப் போனாள்.

அங்கே எல்லாரும் பார்க்கப் போகிற நாசஸ் அரண்மனையைப் பற்றி எழுதி உன்னைக் கொட்டாவி விடவைக்க மாட்டேன். எனக்குப் பிடித்தது கூர்னியா. தீவின் கிழக்கே, கடல் பார்த்த ஒரு சின்ன மேடு முழுக்க மினோவர்களின், அதாவது அந்தத் தீவின் பழங்காலத்து மக்களின், ஊர். கி.மு. 1450 வாக்கில் அழிந்தது. பஸ்காரர் எங்களைத் தள்ளிக் கொண்டுபோய் இறக்கிவிட்டதில் மொட்டை வெயிலில் திரும்பி நடந்தோம். அந்த வயிற்றெரிச்சலுக்குத் தனிக் கடிதம் வரும்.

தோண்டியவள் ஹேரியட் பாய்ட் என்ற அமெரிக்கப் பெண். பொம்பளைக்கு எதற்கு மண்வெட்டி, நூலகத்தில் உட்காரலாமே என்கிற காலம். இவள் உதவித்தொகையில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு கிரீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். 1901-ல் கூர்னியாவில் கை வைத்தபோது வயது 29. அந்த வயதில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசிக்க ஆரம்பித்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

கல் பாவிய தெரு, அகலம் ஒன்றரை மீட்டர் இருந்தால் அதிகம். எதிரே கழுதை வந்தால் யாராவது ஒருவர் திண்ணை ஏறவேண்டியதுதான், திண்ணையும் கிடையாது. வீட்டுக்கு வீடு பொதுச் சுவர். ஓர் அறைக்குள் எட்டிப் பார்த்தேன், நம் ஹாஸ்டல் ரூமே தேவலை. கட்டில் போட்டால் கதவு திறக்காது என்று சொல்லப் பார்த்தால், கதவே இல்லை! நாலு பக்கமும் சுவர். எப்படி உள்ளே போனார்கள்?

மேலிருந்து ஏணி வைத்து இறங்கியிருக்கிறார்கள், கோமதி. வீடு வீடு என்று நான் போட்டோ எடுத்துத் தள்ளியதில் பாதி, சாமான் போட்டுவைக்கும் நிலவறை. குடித்தனம் மாடியில். மாடிச் சுவர் பச்சைச் செங்கல். எப்போதோ கரைந்து மண்ணாகிவிட்டது.

மேலே என்ன நடந்தது என்பதைக் கீழே விழுந்ததை வைத்துத்தான் சொல்கிறார்கள். அவர்கள் தறியில் பாவு நூல் மேலிருந்து தொங்கும், விறைப்பாக நிற்க அடியில் களிமண் குண்டு கட்டுவார்கள். அந்தக் குண்டுகள் கீழறை இடிபாட்டில் கொத்தாகக் கிடந்தால், தறி மாடியில் இருந்திருக்கிறது. நூல் இல்லை, மரச்சட்டம் இல்லை, நெய்தவளும் இல்லை. குண்டு மட்டும் இருக்கிறது.

மாடி எப்படி இருந்தது என்று காட்ட ஹெராக்லியன் மியூசியத்தில் நாசஸில் கிடைத்த சின்னச் சின்னப் பீங்கான் வில்லைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வீட்டு முகப்பு. இரண்டு மாடி, மூன்று மாடி, ஜன்னல், உத்தரத்தின் முனை வட்டம் வட்டமாக. கண்ணாடிமேல் மூக்கை வைத்து அழுத்தி, காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்று கால் வைத்த சமையல் சட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீ மன்னிக்க மாட்டாய். காலோடு சேர்த்தே வனைந்தது. அடுப்புக்கல் வேண்டாம், நெருப்பை அடியில் தள்ளினால் போதும். நமக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் வார்டனிடம் ஹீட்டர் விவகாரமே வந்திருக்காது.

அங்கேயே தானியம் அரைத்த ஒரு கல்லும் இருந்தது. நடுவில் குழிந்து, ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்து. உங்கள் அம்மா இடது கையை ஊன்றிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து அரைப்பார்களே, அந்த அம்மிதான் கண்ணில் வந்து நின்றது. அரைக்கும்போது பேசிக்கொண்டே இருப்பார்கள். என்ன பேசினார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன், ஒரு வாக்கியம்கூட முழுதாக வரவில்லை. உனக்கு வருகிறதா? வந்தால் எழுதி அனுப்பு. கரண்டி அளவு, பக்கத்து வீட்டுச் சண்டை, எதுவானாலும் சரி.

வீட்டைக் காலி செய்தபோது நீ அம்மியை எடுத்துக்கொண்டதாகச் சின்னவள் சொன்னாள். குழவியையும் எடுத்தாயா? உங்கள் அண்ணன் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொண்டிருப்பார். கொடுக்காவிட்டால் சொல், நான் பேசுகிறேன்.

உன்
சரோஜா