எதிர்வீட்டுக் கல்யாணப் பத்திரிகை

பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மாடியில் ஒழுகின இடத்தை மழைக்கு முன்னாலேயே பூசியாயிற்று. போனில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். அப்புறம் நீயாகக் கூப்பிடுவதும் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பெங்களூரில் ராத்திரி நேரம் பைக்கில் அலையாதே.

எதிர்வீட்டுப் பெரியம்மா தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துவிட்டுப் போனார்கள். தை மாதம் முகூர்த்தம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. கீழே உறவுக்காரர்கள் பெயர் வரிசையில் தங்கச்சிக்கு அண்ணன் என்று உன் பெயரையும் அச்சடித்திருக்கிறார்கள். நம்மைக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அம்மா அந்த வரியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினோம். நீ பார்த்துவிட்டாய் என்று காட்டுகிறது, பதில் இல்லை.

நீ ஜெபத்தில் ஊக்கமாயிருப்பது எனக்குச் சந்தோஷம்தான். உன் வயதுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்குகிற காலத்தில் நீ விடியற்காலம் எழுந்து வேதம் வாசிக்கிறாய். நம் சபைப் போதகர் ஐயரிடம் இதைச் சொல்லி நான் பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் போன கிறிஸ்துமசுக்கு நீ வந்து போனதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா வயசாகித் தளர்ந்துபோய் எல்லாச் சாமியும் ஒன்றுதான் என்று பேசுகிறேன் என நினைத்துவிடாதே. நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன் என்று ஆண்டவர் சொன்னதை நான் ஒரு எழுத்தும் குறைக்கமாட்டேன். அந்த வசனத்தை உனக்கு மனப்பாடம் பண்ணித் தந்ததே நான்தான். நீ விசுவாசிப்பதைத்தான் நானும் விசுவாசிக்கிறேன். என் வருத்தம் வேறே.

லெஸ்லி நியூபிகின் ஐயரவர்களைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானபோது மதுரைப் பக்கம் பிஷப்பானவர். அதற்கு முன்னால் காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்தார். அங்கே ராமகிருஷ்ண மடத்தில் துறவிகளோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, உபநிஷதத்தையும் யோவான் சுவிசேஷத்தையும் மாறி மாறி வாசித்திருக்கிறார். அந்த மடத்துக் கூடத்தில் மகான்களின் படங்களுக்கு நடுவில் இயேசுவின் படமும் இருந்தது, கிறிஸ்துமஸ் அன்றைக்கு அதற்குப் பூஜையும் நடக்கும். அதைப் பார்த்து அவர் மனம் குளிர்ந்துபோய்விடவில்லை. கிறிஸ்துவைப் பலரில் ஒருவராகச் சுவரில் மாட்டுவது சுவிசேஷம் ஆகாது என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார். அவ்வளவு உறுதியான மனிதர்தான், இன்னார் முடிவில் இரட்சிக்கப்படுவார், இன்னார் கெட்டுப்போவார் என்று தீர்க்கிறது நம் வேலை இல்லை என்றும் எழுதினார். இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோ என்று ஒருவன் வந்து கேட்டபோது ஆண்டவர் கணக்குச் சொன்னாரா? இடுக்கமான வாசல்வழியாய் உட்பிரவேசிக்க நீங்கள் பிரயாசப்படுங்கள் என்று கேட்டவர்கள் பக்கமே திருப்பிவிட்டார். லூக்கா 13. எடுத்து வாசித்துப் பார்.

பெரியம்மா வீட்டில் படைத்த கொழுக்கட்டையை நீ சாப்பிடாத விஷயத்தில் உன்மேல் எனக்குக் குறை இல்லை. படைத்தது என்று சொல்லிக் கொடுத்தால் சாப்பிடவேண்டாம் என்று பவுலே எழுதியிருக்கிறார். அதற்கு முந்தின வசனத்தில், அவிசுவாசி ஒருவன் விருந்துக்கு அழைத்தால் விசாரியாமல் சாப்பிடு என்றும் எழுதியிருக்கிறார், அதையும் சேர்த்து வாசி. நம் சபை அசன விருந்துக்கு ஐயர் ஜெபம் பண்ணின சோற்றைப் பெரியம்மா வீட்டுப் பிள்ளைகள் தூக்குவாளியில் வாங்கிப்போவார்களே, பார்த்துத்தானே வளர்ந்தாய். அவர்கள் ஒருநாளும் என்ன ஏது என்று விசாரித்ததில்லை. நம் வீட்டு ஜெபத்தில் 'சத்தாய் நிஷ்களமாய்' பாடினால் பெரியம்மா நடையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், தேவாரம் கேட்ட மாதிரி இருக்கு தம்பி என்பார்கள். இருக்கும்தானே. அந்தப் பாட்டை எழுதின கிருஷ்ண பிள்ளை நம் ஜில்லாக்காரர், வைணவக் குடும்பம், 1858-ல் ஞானஸ்நானம் எடுத்தவர். எடுத்த பிறகும் கம்பனைத் தூர எறிந்துவிடவில்லை, பெயரிலிருந்த கிருஷ்ணனையும் எறிந்துவிடவில்லை. உன்னையல்லால் எனக்கு யார் துணை என்றுதான் அவரும் பாடுகிறார். அதைப் பாட எதிர்வீட்டுக்காரரைப் பழிக்கவேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

பைக் விஷயம் மறந்துவிடாதே. ஹெல்மெட் இருந்தாலும் ராத்திரியில் வேண்டாம்.

இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். பெரியப்பாவைப் பற்றி நீ பெரியம்மாவிடம் சொன்னது எங்களுக்குத் தெரியும். பெரியம்மா சொல்லவில்லை. இன்றைக்குவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் இப்போது எங்கே இருப்பார் என்று உன்னிடம் யாரும் கேட்கவில்லை, மகனே. நீயாகச் சொன்னாய். அவர் போய் வருஷம்கூடத் திரும்பவில்லை, அந்தம்மாள் முகத்துக்கு நேரே சொன்னாய். நீ டைபாய்டில் கிடந்தபோது ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குப் பதிலாகப் படுத்துக்கிடந்த மனுஷன் அவர்.

நம்பிக்கையைக்குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்லுங்கள் என்றுதான் பேதுரு எழுதியிருக்கிறார். கேட்கிறவர்களுக்கு. சாந்தத்தோடு. இதை உன் பாஸ்டர் சொல்லித்தரவில்லையா? என் ஆச்சி ஞானஸ்நானம் எடுக்காமலே போனவள். என்னைக் கையைப் பிடித்து ஓய்வுநாள் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போய், பாட்டு முடிகிறவரை வேப்பமரத்தடியில் காத்திருப்பாள். இத்தனை வருஷமாக அவளை ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்துத்தான் நான் ஜெபம் பண்ணுகிறேன். அவளைப் பற்றி ஒருவர் என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் அவர் முகத்தில் முழித்திருப்பேனா என்று தெரியவில்லை. பெரியம்மா உன் பெயரைப் பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள்.

கோயில் மண்டபத்தில் கல்யாணம் என்றுதான் தயங்குகிறாய் என்று நினைக்கிறேன். வேதத்தில் வருகிற சீரியா படைத்தலைவன் நாகமானை நினைத்துக்கொள். குஷ்டம் நீங்கின பிறகு, கர்த்தரைத் தவிர வேறே தேவர்களுக்குப் பலியிடமாட்டேன் என்று எலிசா தீர்க்கதரிசியிடம் சொன்னவன். சொன்ன கையோடு, என் ராஜா என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் என்கிற அவர்கள் சாமியின் கோவிலுக்குப் போகும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் எனக்கு மன்னிப்பாராக என்கிறான். பாகாலின் தீர்க்கதரிசிகளோடு மோதின எலியாவின் சீடன் எலிசா. சமாதானத்தோடே போ என்று மட்டும்தான் சொன்னார்.

உன்னைக் குனியக்கூட யாரும் சொல்லப்போவதில்லை. ஓமத்தில் பொரி போடுவது அண்ணன்காரன் கை. அதை உன்னிடம் கேட்கமாட்டோம், கொழுந்தன் மகன் செய்துகொள்வான், அவன் பந்தியில் நின்னு பரிமாறினாப் போதும் தம்பி என்று பெரியம்மாவே சொல்லிவிட்டார்கள். உன் மனச்சாட்சியை நீ கேட்கும் முன்னால் அவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

நாகர்கோவில் எக்ஸ்பிரசில் பொங்கல் கூட்டம் இருக்கும், இப்போதே டிக்கெட் போடு. முந்தின நாளே வந்துவிடு. வந்ததும் தனியாக எதிர்வீட்டுக்குப் போய்ப் பெரியம்மாவிடம் பெரியப்பாவைப் பற்றிப் பேசு. என்ன பேசவேண்டும் என்று நான் சொல்லித்தரமாட்டேன். அம்மாவையும் என்னையும் கூடக் கூப்பிடாதே. தங்கச்சிக்கு அண்ணன் என்று உனக்கு வேட்டி சட்டை எடுக்கப்போகிறார்களாம், சட்டை அளவை அம்மாவுக்குச் சொல்லிவிடு.

அன்புள்ள
அப்பா