யார் முழம் சார்?

ஆள் எடுக்க மதுரைக்கு வரும் மனிதவள அதிகாரிகளுக்கு,

வணக்கம். மேலூர்ப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். வேலைவாய்ப்புப் பிரிவும் என் தலையில்தான். பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியற்காலை வந்து இறங்கும் உங்களை அழைத்து வருவது, இட்லி வாங்கி வைப்பது, பிள்ளைகளை வரிசையாக உள்ளே அனுப்புவது, ராத்திரி திரும்ப வண்டி ஏற்றிவிடுவது எல்லாம் நான்தான். நாள் முழுக்கக் கதவுக்கு வெளியே நிற்பதால், இன்டர்வியூ முடிந்து வருகிற முகங்களை உங்களைவிட நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

போன முறை ஒரு பையன் முகம் சுண்டிப்போய் வந்தான். "என்னப்பா கேட்டாங்க?" என்றேன்.

"நீ பழமாப் பொறந்திருந்தா என்ன பழமா இருப்பேன்னு கேட்டாங்க சார். பனம்பழம்னு சொன்னேன். சிரிச்சாங்க."

ஏன் பனம்பழம் என்று யாரும் கேட்கவில்லையாம். நான் கேட்டேன். "சுட்டுத் தின்னலாம், கொட்டையைப் புதைச்சா கிழங்கு கிடைக்கும். எதுவும் வீணாகாதுல்ல சார்" என்றான். இதைவிட நல்ல பதிலை அன்றைக்கு நீங்கள் வேறு யாரிடமும் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் சிரித்து முடித்ததும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டீர்கள்.

இன்னொரு பெண் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே இருந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பதற்றத்தை எப்படிச் சமாளிக்கிறாள் என்று பார்க்கும் உத்தியாம், அப்புறம்தான் எனக்குச் சொன்னார்கள். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிங்க சார், நன்றிங்க" என்று எழுந்து வந்துவிட்டாள். பெரியவர் ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால், 'கிளம்பு' என்பதுதான் எங்கள் பக்கத்து அர்த்தம். அவளும் மரியாதையாகக் கிளம்பினாள். தாளில் நீங்கள் எழுதியது: தன்னம்பிக்கை போதாது.

சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்ற கேள்வியும் வருஷா வருஷம் வருகிறது. மைக்ரோசாஃப்ட் கேட்கும் கேள்வி என்று முப்பது வருஷத்துக்கு முன்பே பேர் வாங்கிய கேள்வி இது. எங்கள் தெருவில் அந்த மூடி சதுரமான கான்கிரீட் பலகை, அதை விடுங்கள். இதெல்லாம் விடுகதை ஜாதி. ஏற்கெனவே காதில் விழுந்திருந்தால் விடை தெரியும், விழாவிட்டால் முழிக்க வேண்டியதுதான். காசு கட்டிப் பயிற்சி மையத்துக்குப் போன பிள்ளை, யோசிப்பதுபோல் நாலு விநாடி மேலே பார்த்துவிட்டு டாண் என்று சொல்லும். நீங்களும் அசந்துபோவீர்கள்.

இந்த விளையாட்டு பழசுதான். 1921-ல் தாமஸ் எடிசன் தன்னிடம் வேலை கேட்டு வந்தவர்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகளை வைத்தார். கேள்விகள் பத்திரிகையில் வெளியாகிவிட்டன. ஒலியின் வேகம் என்ன என்ற கேள்வியை அமெரிக்கா வந்திருந்த ஐன்ஸ்டைனிடமே கேட்டார்கள். புத்தகத்தில் இருப்பதைத் தலையில் சுமப்பதில்லை என்று சொல்லிவிட்டார் மனிதர். எடிசனிடம் வேலை கிடைத்திருக்காது.

கூகுளும் இதைச் செய்து பார்த்த நிறுவனம்தான். 2013-ல் அதன் மனிதவளப் பிரிவுத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், புதிர்க் கேள்விகள் சுத்த நேர விரயம், கேட்பவருக்குத் தான் புத்திசாலி என்ற நினைப்பைத் தருவதற்குத்தான் உதவும் என்று பேட்டியிலேயே சொல்லிவிட்டார். அங்கே கைவிட்டது இன்னும் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. ஷ்மிட், ஹன்டர் என்ற இருவர், வேலைக்கு ஆள் எடுப்பது பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 1998-ல் வெளியிட்ட கட்டுரை உங்கள் படிப்பிலேயே வந்திருக்கும். வேலையில் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்வதும், எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடுவதும், வாய்க்கு வந்ததைக் கேட்பதைவிட நன்றாகவே ஆளை அடையாளம் காட்டும் என்பது அதன் சாரம்.

எங்கள் ஊருக்கு வந்துவிட்டு தருமி கதை தெரியாமல் போகலாமா? பொற்கிழிக்கு ஆசைப்பட்டு, அடுத்தவர் எழுதிக் கொடுத்த பாட்டோடு பாண்டியன் சபைக்குப் போனவர் அவர். நக்கீரர் பழமா பூவா என்று கேட்கவில்லை. கொண்டுவந்த பாட்டிலேயே ஒரு குற்றத்தைக் காட்டி விளக்கம் கேட்டார். தருமியால் வாய் திறக்க முடியவில்லை. எழுதிக் கொடுத்தவரே எழுந்து வர வேண்டியதாயிற்று. பயிற்சி மையப் பிள்ளைகளிடமும் "ஏன் அப்படிச் சொல்றே?" என்று இன்னொரு கேள்வி போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

விசித்திரக் கேள்வியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு சின்ன நிறுவனத்திலிருந்து ஒருத்தர் மட்டும் வந்திருந்தார். எல்லாப் பிள்ளைகளிடமும் அவர் கேட்டது ஒன்றுதான்: "ஒரு கிலோ மல்லியைத் தொடுத்தா எத்தனை முழம் வரும்? விடை தப்பா இருந்தாப் பரவாயில்ல, போற வழியைச் சொல்லுங்க. என்கிட்ட என்ன வேணா கேளுங்க." சிகாகோவில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் எத்தனை பேர் என்று இயற்பியல் மேதை என்ரிக்கோ ஃபெர்மி மாணவர்களைக் கேட்பாராம், அந்த வகை. ஒரு பையன், நூறு கிராம் நிறுத்து மொட்டை எண்ணுவேன், ஒரு முழச் சரத்திலும் எண்ணுவேன், பத்தால் பெருக்கி வகுப்பேன் என்றான். நல்ல பதில்.

அப்புறம் ஒரு பெண். அவள் அம்மா மாட்டுத்தாவணியில் பூ வாங்கி விற்பவர். அவள் பதிலே சொல்லவில்லை, கேள்வியாகக் கேட்டாள். "தண்ணி தெளிச்ச பூவா, தெளிக்காததா சார்? எடை மாறுமே. நெருக்கிக் கட்டுறதா, விட்டு விட்டுக் கட்டுறதா? அப்புறம், யார் முழம் சார்? வாங்குறவங்க முழமா, எங்கம்மா முழமா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார், ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை. சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு அவளை எடுத்துக்கொண்டார். வாடிக்கையாளர் சொன்ன முழமும் புரோகிராம் எழுதியவர் நினைத்த முழமும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்ப்பதுதானே அந்த வேலை. பூக்கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு இது சாதகமில்லையா என்று நான் அவரிடமே கேட்டேன். அதனால்தான் என்ன வேண்டுமானாலும் கேட்கச் சொன்னேன், அந்தப் பையனும் தேர்வாகியிருக்கிறான் பாருங்கள் என்றார்.

ஜனவரியில் மறுபடி வருகிறீர்கள். கேள்வி எதுவாக இருந்தாலும் எல்லாரிடமும் அதையே கேளுங்கள். எதற்கு எத்தனை மார்க் என்று வண்டி ஏறும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எடுக்காத பிள்ளைகளுக்குக் காரணம் ஒரு வரி அனுப்புங்கள், எனக்கு அனுப்பினால்கூடப் போதும், நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். பனம்பழப் பையன் இந்த முறையும் வரிசையில் இருப்பான். மாடி ஹாலில் மின்விசிறி இன்னும் கடகடவென்றுதான் ஓடுகிறது. பிள்ளைகள் சொல்வது காதில் விழவில்லை என்றால், இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கதவுக்கு வெளியே நிற்கும் வாத்தியார்