இன்ஜினை அல்ல, துருவைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் அருமை. ஆனால், புதுப்பிக்க விரும்புகிறவர்கள் முதலில் இன்ஜின் ஓடுகிற வண்டியாகப் பார்த்து வாங்க வேண்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். அதே யோசனையை நம்பித்தான் 2009-ல் நான் கையைச் சுட்டுக்கொண்டேன்.

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் முப்பத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். லேத் ஓட்டி ஓய்வு பெற்றவன். நான் முதலில் வாங்கியது 1972-ஆம் ஆண்டு எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், திறந்த கூரை, சிவப்பு நிறம். சாவியைத் திருகியதும் கிளம்பியது. அதன் 1798 சிசி இன்ஜின், நம் அம்பாசடரில் இருந்த 1489 சிசி இன்ஜினுக்குப் பங்காளி. இரண்டும் பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கார் கம்பெனியின் பி-சீரிஸ் இன்ஜின் குடும்பம். அந்தச் சத்தத்தில் மயங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஜாக்கி வைத்துத் தூக்கினேன். கதவு இறுகிப் பிடித்துக்கொண்டது. எம்ஜிபிக்கு அடியில் தாங்கும் தனிச் சட்டம், அதாவது சேசிஸ், கிடையாது, உடம்பேதான் எலும்பும். கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் பெட்டித் தகரத்தை இங்கே 'சில்' என்பார்கள். அது இற்றுப்போனால் வண்டி இடுப்பொடிந்தது போலத்தான். சந்தேகம் வந்து, குளிர்சாதனப் பெட்டியில் மனைவி ஒட்டிவைத்திருந்த பழனி முருகன் காந்தத்தை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். முருகன் ஒட்ட மறுத்துவிட்டார். துருவை மறைக்க விரல் கனத்துக்குப் பட்டி, அதன்மேல் பெயின்ட்! வெல்டிங் கூலி வண்டி வாங்கிய விலையைத் தாண்டியபோது, பாதி வேலையில் விற்றுவிட்டேன். எம்ஜிபிக்குப் புதிய உடற்கூடே செய்து விற்கிறார்கள் என்பது உண்மை. விலையைக் கேட்டால் பழைய கூட்டின் மேல் பாசம் வந்துவிடும்.

இங்கே நாற்பது வயது கடந்த வண்டிக்குச் சாலை வரி இல்லை, ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை என்பதைக் கட்டுரை ஒரு வசதியாகச் சொல்கிறது. எனக்கு அது பயமாக இருக்கிறது. அந்த வண்டியின் அடியில் பல ஆண்டுகளாக எவரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதானே அதற்குப் பொருள்?

அடுத்து 2013-ல் வாங்கியது, இதே ஊரில் கேன்லி ஆலையில் பிறந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், 1978-ஆம் ஆண்டு வண்டி. அதே டிரையம்ஃபின் ஹெரால்டு காரின் சேசிஸைக் குட்டையாக்கிச் செய்தது இது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். என் பெரியப்பாவிடம் ஒன்று இருந்தது. மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முதலை வாயைப் போலத் திறக்கும். ஸ்பிட்ஃபயருக்கும் அதே வாய். திறந்துவிட்டு முன்டயரின்மேல் உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். அறுபதைத் தாண்டிய முதுகுக்கு இது பெரிய காரியம். முன்சக்கரம் திரும்பும் 'டிரன்னியன்' மூட்டுக்குக் கிரீஸ் அடிக்காதே, கியர் ஆயில் விடு என்று பெரியப்பா மெக்கானிக்கோடு மல்லுக்கட்டுவார். கியர் ஆயில் இல்லாமல் தேய்ந்தால் அந்த மூட்டு ஒருநாள் முறிந்து, சக்கரம் மடிந்துவிடும். அவர் சொன்னதை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்.

அந்த வண்டி காய்ந்த கராஜில் பல ஆண்டுகள் கிடந்தது. இன்ஜின் ஓடவே இல்லை. மனைவியைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்னால் நின்று, இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்கின் நுனியில் இருக்கும் புல்லியைக் கவனித்தேன். கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தது. அந்தத் தண்டை முன்பின் நகராமல் பிடிக்கும் பிறைவடிவ வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம். விற்றவரையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். விலையில் 200 பவுண்டு இறங்கினார். ஆனால் 'சில்' இரண்டிலும் முருகன் கச்சிதமாக ஒட்டினார்! சேசிஸ் இருக்கிறதே என்று அதை விட்டுவிடக் கூடாது. ஹெரால்டின் பக்கச் சட்டங்கள் ஸ்பிட்ஃபயரில் இல்லை. அவை தாங்கும் பாரத்தில் ஒரு பங்கு 'சில்' தலையில்தான் விழுகிறது. இன்ஜினை நானும் ஒரு நண்பரும் இறக்கி, ஒரு குளிர்காலத்தில் சரிசெய்துவிட்டோம். உதிரிப் பாகங்கள் தபாலில் வந்தன.

என் அக்காள் மகனுக்கு ஜாகுவார் ஈ-டைப் ஆசை. மழைக்கு ஒதுங்க ஒரு கூரைகூட இல்லாதவனுக்கு ஈ-டைப் எதற்கு என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறான். தங்கள் கட்டுரையை வேறு கத்தரித்து வைத்திருக்கிறான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பளபளக்கும் பானெட் படங்களுக்கு நடுவே, துருப்பிடித்த 'சில்' ஒன்றின் படத்தையும் போடுங்கள். படம் இல்லையென்றால் என்னிடம் எம்ஜிபி காலத்துப் படங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன, அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேத் தொழிலாளி,
கவென்ட்ரி, இங்கிலாந்து