கேஷுவாலிட்டியை ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை வட்டார மருத்துவமனைகளை ஆய்வு செய்யும் குழுவினருக்கு, வணக்கம்.

ஓர் அவசர சிகிச்சைப் பிரிவு பாதுகாப்பானதா என்று பார்க்க, பலரும் முதலில் கேட்பது இறப்புக் கணக்கைத்தான். அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாம்பு கடித்தவரும், மேலூர் நான்குவழிச் சாலையில் அடிபட்டவரும், பாலமேட்டில் மாடு குத்தியவரும் நிலைமை மோசமானால் வந்து சேருவது கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கு. "இங்க முடியாது, மதுரைக்குக் கொண்டு போயிருங்க" என்று அனுப்பியவரின் ஏட்டில் சாவு விழாது. மறுக்காமல் வாங்கிக்கொண்டவரின் ஏட்டில் விழும். கைகழுவிய இடம் கணக்கில் சுத்தமாகத் தெரிவது இப்படித்தான்.

உயிருக்குப் போராடுகிறவருக்கு அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எந்த மருத்துவரும் முதலில் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. விபத்துக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவு அரசுடையது. ஆகவே வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்களைப் பதியும் ரெஃபரல் ஏட்டைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு அனுப்பினார்கள், அதற்குள் என்ன செய்தார்கள், போகிற இடத்துக்குப் போன் செய்தார்களா? பாம்பு விஷம் ரத்தம் உறைவதைக் கெடுத்திருக்கிறதா என்று பார்க்க 20 நிமிட ரத்த உறைதல் சோதனை இருக்கிறது. அதற்கு வேண்டியது சுத்தமான, ஈரமில்லாத ஒரு கண்ணாடிக் குழாய்தான். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலோ செய்தால் முடிவு தப்பாக வரும். அந்தக் குழாய் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

யாரை முதலில் பார்ப்பது என்று நோயாளிகளைப் பிரிக்க, சுவரில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடித்திருப்பதைப் போட்டோ எடுப்பதில் பயனில்லை. நெஞ்சுவலிக்காரருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஏட்டில் எல்லா நேரமும் 5, 10, 15 என்று வழவழவென்று இருந்தால், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் உட்கார்ந்து ஒரே பேனாவில் நிரப்பியது அது. ஈ.சி.ஜி. தாளிலேயே மெஷின் நேரம் அச்சாகிறது. இரண்டையும் ஒத்துப் பாருங்கள். மெஷின் கடிகாரம் சரியா என்பதையும் சேர்த்துத்தான்.

மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை விரித்து விளக்கு எரிகிறதா பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கிற சாவி யாரிடம் என்று கேளுங்கள். "அண்ணே டீ குடிக்கப் போயிருக்காரு" என்று பதில் வந்தால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

முன்கூட்டித் தகவல் சொல்லி, காலை 11 மணிக்கு வந்தால் இதில் எதுவும் கண்ணில் படாது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு, சொல்லாமல் வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருமங்கலம்.