தஞ்சாவூருக்கு இரண்டு நாள்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். முட்டி வலிக்கு டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. அதை நம்பித்தான் இந்தப் பயணத்துக்கே நான் சரி சொல்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் வருஷத் திதி போன மாதம் முடிந்தது. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் கை தானாக இரண்டு டம்ளர் காபிக்குப் பால் வைக்கிறது. எங்காவது இரண்டு நாள் போய் வரலாமா என்று நீ கேட்டது நல்ல நேரத்தில் கேட்டாய்.

ஊர் தஞ்சாவூர் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் நீ எழுதி அனுப்பிய பட்டியலை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சனிக்கிழமை பெரிய கோயிலும் அரண்மனையும், ஞாயிற்றுக்கிழமை தாராசுரம், கும்பகோணம், கங்கைகொண்ட சோழபுரம். வேண்டாம்டி. காரில் ஏறி இறங்கவே பொழுது போய்விடும்.

கல்லூரிச் சுற்றுலாவில் நாம் பெரிய கோயில் பார்த்த லட்சணம் நினைவிருக்கிறதா? உச்சி வெயிலில் கொண்டுபோய் இறக்கினார்கள். நடை சாத்தியிருந்தது. தரைக்கல் கொதித்தது. நந்தி மண்டபத்து நிழல் வரைக்கும் ஓடினோம், அங்கிருந்து பஸ்ஸுக்கு ஓடினோம். வெகுநாள் வரைக்கும் எனக்குப் பெரிய கோயில் என்றால் சுட்ட பாதம்தான். இந்தத் தடவை அதைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு நாளில் அந்த ஒரு கோயிலுக்கே மூன்று தடவை போவோம்: சனிக்கிழமை காலை, சாயங்காலம், மறுபடி ஞாயிறு காலை. வெயில் ஏறுவதற்குள் வெளியே வந்துவிடலாம். உன் முட்டிக்கும் அதுதான் நல்லது.

இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் இருக்கிறது. ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்வெட்டு வகுப்புக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தேனே. சோழர் காலத்து எழுத்தை இப்போது கூட்டிக் கூட்டிப் படித்துவிடுவேன். புள்ளி வைக்க மாட்டார்கள், அதுதான் ஆரம்பத்தில் திணறடிக்கும். பழகிவிட்டால் நம் தமிழேதான். தாம் கொடுத்ததையும், தம் அக்கன் கொடுத்ததையும், தம் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் விமானத்துக் கல்லில் வெட்டச் சொல்லி ராஜராஜன் இட்ட ஆணை அங்கே இருக்கிறது. அக்கன் என்றால் குந்தவை. அத்தனை பெரிய ராஜா "அக்கன்" என்று சொல்வதை வகுப்பில் முதல் தடவை படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அதைவிட நான் உனக்குக் காட்ட நினைப்பது இன்னொன்று. கோயிலில் ஆட, பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களைக் கொண்டுவந்து குடியேற்றினான். தளிச்சேரிப் பெண்டுகள் என்று பெயர். வெறும் தொகையாக எழுதி முடித்துவிடவில்லை. எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்), எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்தியாகச் சொல்கிறது கல்வெட்டு. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல், அளக்கிற மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். முதல் வீட்டுக்காரியின் பெயர் நக்கன் சேரமங்கை. அதே வரிசையில் இன்னொருத்தி பெயர் எடுத்தபாதம். நடராஜரின் தூக்கிய திருவடியைப் பெண்ணுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள், பாரேன்!

தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியிலிருந்து முதல் ஐம்பது பெயர்களை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வடக்குத் திருச்சுற்றின் வெளிப்புறத்தில் வெட்டியிருப்பதாக அதில் போட்டிருக்கிறது. தேடிப் பிடிப்போம். நீ கண்ணாடியை மறக்காமல் எடுத்து வா. ஒரு பெயரையாவது நீயே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும், அதுதான் எனக்கு ஆசை.

விமானத்தின் மேல்தளத்தில் சிவன் ஆடும் 108 கரணங்களை, அதாவது நடன நிலைகளை, செதுக்கத் தொடங்கி 81 முடித்திருக்கிறார்கள், மீதி 27 கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. அங்கே நம்மை விடமாட்டார்கள். இருந்தாலும் கீழே நிற்கும்போது அந்த 27 கற்கள் என் மனசில் ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஞாயிறு காலை கோயிலிலிருந்து நேரே அரண்மனை. சரசுவதி மகாலில் சரபோஜி சேர்த்த சுவடிகளும் படங்களும் இருக்கின்றன. கண்காட்சிக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். நேரத்தைக் கலைக்கூடத்துக்கு வைத்துக்கொள்வோம். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், காளையோடு நிற்கும் சிவனின் வெண்கலச் சிலை, அங்கேதான் இருக்கிறார். பெரிய கோயில் விமானத்துக்குக் கலசம் வைத்த மறுவருஷம், 1011-இல் வார்த்தது. சடையைத் தலைப்பாகை மாதிரி சுற்றிக் கட்டி, அதில் பாம்பைச் செருகி, ஒரு காலைக் குறுக்கே வைத்துச் சாய்ந்து நிற்பார். கை காளையின் மேல் ஊன்றியிருக்க வேண்டும். காளை இப்போது இல்லை. கை மட்டும் காற்றில் அப்படியே ஊன்றியிருக்கிறது. விரல்கள் எவ்வளவு தளர்ந்து கிடக்கின்றன என்று பார், கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் காளை நிற்பது போலவே தோன்றும். நான் மூன்று வருஷத்துக்கு முன் பார்த்தேன், அரை மணி நேரம் நகரவில்லை. இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் நிற்பேன்.

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்து எழுந்து, நாலு மணிக்குத் திருவையாறு. உன் பட்டியலில் இல்லாத ஊரை நான் சேர்க்கிறேன் என்று கோபிக்காதே, 13 கிலோமீட்டர்தான். சேரமங்கை அந்த ஊர்க்காரி. ராஜராஜனின் தேவி உலோகமாதேவி எடுப்பித்த கோயிலிலிருந்து வந்தவள் என்று கல்வெட்டே சொல்கிறது. ஐயாறப்பர் கோயிலுக்குள் அது இன்றைக்கும் இருக்கிறது. அப்புறம் காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதி. அந்த இடத்தில் தன் சொத்தையெல்லாம் போட்டுக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளும் எதிரிலேயே அடங்கியிருக்கிறார். ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றிருந்த காலத்தில், பெண்களைக் கூட்டிவந்து பாடவைத்தவர் அவர். ஜனவரியில் ஆராதனைக் கூட்டம் தாங்காது, அதனால்தான் பிப்ரவரி என்கிறேன். அங்கே நீ ஒரு கீர்த்தனை பாட வேண்டும். கல்யாணத்துக்கு அப்புறம் நீ வாய்விட்டுப் பாடி நான் கேட்டதேயில்லை. யாரும் இல்லாவிட்டால்தான் பாடுவேன் என்றால், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவோம். முடித்துவிட்டு அசோகா வாங்கித் தருகிறேன். பாசிப்பருப்பில் செய்கிற அந்த அல்வாவை அந்த ஊரில் சூடாகச் சாப்பிட வேண்டும்.

ரயில் விஷயம். எனக்கு எழும்பூரிலிருந்து உழவன், உனக்குக் கோயம்புத்தூரிலிருந்து செம்மொழி. இரண்டுமே விடியற்காலை தஞ்சாவூர் சேர்த்துவிடும். உன் வண்டி வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு தாண்டித்தான் கிளம்பும். அதனால் டிக்கெட்டில் சனிக்கிழமை தேதி போட வேண்டும், இதில் ஏமாந்துவிடாதே. நேரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள். கீழ்ப் படுக்கை கேள். திரும்ப ஞாயிறு ராத்திரி அதே வண்டிகள். ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு ரூம், லிப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் போடுவேன்.

யார் முதலில் இறங்குகிறோமோ அவர் பிளாட்பாரத்திலேயே காத்திருப்பது. டீ அங்கேயே குடிக்கலாம்.

உன் வீட்டுக்காரருக்கும் மருமகளுக்கும் என் அன்பைச் சொல். டிக்கெட் போட்டதும் ஒரு வரி எழுது, பெயர் நோட்டை இன்றைக்கே பைக்குள் வைத்துவிட்டேன்.

அன்புடன்,
வசந்தா